பலகார டப்பா மட்டும் போதுமா?

2024 மே மாதக் கடைசி. என் பேத்தி பதினோராம் வகுப்புக்கு நாமக்கல் பக்கம் ஓர் உறைவிடப் பள்ளியில் சேர்ந்திருந்தாள். கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு மகளும் நானும் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடத்தில் கொடுத்த பட்டியலை உரக்கப் படித்து ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டிருந்தாள் பேத்தி. பட்டியல் முடிந்ததும் மெல்ல என் பக்கம் நகர்ந்து வந்து காதோடு சொன்னாள்:

"அம்முச்சி, அம்மாவுக்குத் தெரியாம ஒரு சின்ன எலக்ட்ரிக் கெட்டில் வாங்கி உள்ள வெச்சுருங்க. ராத்திரி பசிச்சா நூடுல்ஸ் போட்டுக்குவேன். எல்லாப் பிள்ளைங்களும் கொண்டு வருவாங்களாம்."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் என் மகள் காதில் விழுந்துவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இடது காலை முன்னால் நீட்டினாள். பாதத்தின் மேல், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெளுத்து வழுவழுவென்று இருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டி, "இது எப்படி வந்துச்சுன்னு உங்க அம்முச்சியையே கேளு கண்ணு" என்றாள்.

35 வருஷமாகிவிட்டது. அந்தக் கதையை நான்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்தத் தழும்புக்குக் காரணமே நான்தான்!

என் வீட்டுக்காரருக்கு பேங்க் உத்தியோகம். மூன்று வருஷத்துக்கொரு மாற்றல். ஏழாம் வகுப்பு முடிப்பதற்குள் என் மகள் நாலு பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாள். இனியும் குழந்தையை இழுத்தடிக்க வேண்டாம் என்று 1989 ஜூனில் ஊட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பில் சேர்த்து, விடுதியில் விட்டோம். அப்போது நாங்கள் ஈரோட்டில் இருந்தோம். அவளுக்கு 13 வயது.

பெண்ணை ஹாஸ்டலுக்கு அனுப்புகிற தாய் என்ன செய்வாள்? மனசில் இருக்கிற துக்கத்தையெல்லாம் எண்ணெய்ச் சட்டியில் போடுவாள்! நானும் அதைத்தான் செய்தேன். தேங்காய்ப்பால் முறுக்கு, கச்சாயம், அதிரசம், ரவை உருண்டை என்று ஒரு பெரிய டின் நிறைய அடைத்துக் கொடுத்தேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பலகாரத்துக்கு 'டக்' என்று பேர். இங்கிலாந்தில் விடுதிக்குப் போகிற பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து கேக், ஜாம் எல்லாம் வைத்துப் பூட்டிக் கொடுத்தனுப்பும் பெட்டியை 'டக் பாக்ஸ்' என்பார்களாம். வெள்ளைக்காரர் காலத்து வழக்கம் அந்த மலைப் பள்ளிக்கூடத்திலும் ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லாருடைய டின்னும் ஓர் அறையில் பூட்டியிருக்கும். புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் சாயந்திரம் அரை மணி நேரம் திறந்துவிடுவார்கள். அவ்வளவுதான்.

தீபாவளி லீவுக்கு வந்தபோது மகள் இளைத்திருந்தாள். "சாப்பாடு பிடிக்கலையா கண்ணு?" என்று கேட்டேன்.

"சாப்பாடெல்லாம் நல்லாத்தான் இருக்குதும்மா. ஆனா ராத்திரி படுக்கப் போறப்ப குளுருது. பசியும் எடுக்குது. சூடா ஏதாச்சும் குடிச்சாத் தேவலைன்னு இருக்கும்."

இதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் வருமா? மறுநாளே கடைக்குப் போனேன். தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைக்கும் கம்பி இருக்கிறதே, இம்மர்ஷன் ஹீட்டர், அதில் சின்னதாக ஒன்று வாங்கினேன். ஒரு டப்பா மால்ட்டும் வாங்கினேன். கம்பியைத் துண்டில் சுற்றி, ஸ்வெட்டர்களுக்கு நடுவே வைத்தேன்.

"வார்டனம்மா பாத்தா திட்டுவாங்கம்மா. கரண்ட் சாமான் எதுவும் கொண்டுவரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"அவங்க எங்கே பாக்கப் போறாங்க? வேலை முடிஞ்சதும் துண்டுல சுத்திப் பெட்டிக்குள்ள போட்டுடு."

தப்பான பொருளைக் கொடுத்ததும் நான்தான். அதை ஒளிக்கச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

நவம்பர் முடியப் போகும் சமயம், ஒருநாள் காலையில் பேங்குக்கு போன் வந்தது. "உங்க பொண்ணுக்குக் கால்ல வெந்நீர் கொட்டிடுச்சு. பயப்பட ஒண்ணும் இல்லை. ஆனா நேர்ல வாங்க" என்றார்களாம். மேட்டுப்பாளையம் போய் மலை பஸ் ஏறினோம். வழி நெடுக எத்தனை வளைவு இருந்ததோ, அத்தனை சாமியையும் கும்பிட்டேன்.

நடந்ததைப் பிறகு பிள்ளைகள் வாயாலேயே தெரிந்துகொண்டேன். அவர்கள் அறையில் இருந்தது விளக்குக்கான சின்ன பிளக் ஒன்றுதான். கம்பியின் பெரிய பிளக் அதில் நுழையவில்லை. இதுகள் என்ன செய்திருக்கின்றன தெரியுமா? பிளக்கையே வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு ஒயரை மட்டும் துளைகளில் செருகி, தீக்குச்சியை வைத்து இறுக்கியிருக்கின்றன! எர்த் ஒயர் எதிலும் சேராமல் சும்மா தொங்கியிருக்கிறது. இப்படியே நாலைந்து நாள் மால்ட் கலக்கிக் குடித்திருக்கிறார்கள். அன்றைக்கு எவர்சில்வர் தூக்கில் தண்ணீர் வைத்து நூடுல்ஸ் போட்டிருக்கிறார்கள். வெந்துவிட்டதா என்று பார்க்க, அறைத்தோழியான திருச்சிப் பெண் எவர்சில்வர் ஸ்பூனை உள்ளே விட்டாள். ஷாக்! கையை வெடுக்கென்று உதறினாள். தூக்கு கவிழ்ந்தது. கொதிக்கிற தண்ணீர் முழுக்கக் கீழே உட்கார்ந்திருந்த என் மகளின் காலில்.

அலறக்கூட இல்லையாம் அவள். வார்டனம்மா வந்துவிடுவாரே என்று போர்வையை வாயில் அடைத்துக்கொண்டாளாம். யாரோ சொன்னார்கள் என்று பேனா மையைப் புண்ணின் மேல் ஊற்றியிருக்கிறார்கள். அரை மணி நேரம் கழித்துத்தான், வலி தாங்காமல், ஆயாவை எழுப்பியிருக்கிறார்கள்.

மருத்துவ அறையில் காலில் கட்டோடு படுத்திருந்த மகளைப் பார்த்துவிட்டு, வார்டனம்மாவின் அறைக்குப் போனோம். மேஜை மேல் அந்தக் கம்பி கிடந்தது.

"இதைக் கடைவீதியிலே தானே வாங்கினதா நேத்து ராத்திரியிலேருந்து உங்க பொண்ணு ஒரே பிடியா சொல்லிக்கிட்டிருக்கா. கூட இருந்த பொண்ணுக்கு உயிர் போயிருக்கும். இவளை இங்கே வெச்சுக்கறதா வேண்டாமான்னு யோசனை பண்ணிக்கிட்டிருக்கோம்" என்றார்.

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் விஷயம் தெரியாது. ஒரு நிமிஷம் வாயைத் திறக்காமல்தான் இருந்தேன். அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. சொன்னால் என் மானம் போகும். சொல்லாவிட்டால் பெண்ணின் படிப்பு போகும். வலியோடு படுத்துக்கொண்டு எனக்காகப் பொய் சொல்கிற குழந்தையை நினைத்ததும் அடக்க முடியவில்லை.

"அவ வாங்கலைங்க. நான்தான் வாங்கிக் குடுத்தேன். ஒளிச்சு வைக்கச் சொன்னதும் நான்தான்" என்று சொல்லி அழுதுவிட்டேன்.

வார்டனம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பசின்னா என்கிட்ட ஏன் யாரும் சொல்லலை?" என்று மட்டும் கேட்டார்.

அப்போதுதான் கணக்குப் பார்த்தோம். ராத்திரிச் சாப்பாடு 6.45 மணிக்கு. படிப்பு ஒன்பது வரை. ஒன்பதரைக்கு விளக்கை அணைப்பார்கள். காலை டிபன் 7.45 மணிக்கு. நடுவில் 13 மணி நேரம்! வளர்கிற வயது, மலைக்குளிர், மாதவிலக்குத் தொடங்குகிற பருவம். பசிக்காமல் என்ன செய்யும்? "எத்தனை படி அரிசி போடணும்னு தினமும் கணக்குப் பாக்கறேன். எத்தனை மணி நேரம் வயிறு காலியா இருக்குதுன்னு ஒருநாளும் கணக்குப் பாக்கலையே" என்றார் அந்த அம்மாள். கண்டிப்பானவர்தான். ஆனால் நல்ல மனசு.

கிளம்புவதற்கு முன்னால் டக் அறையைத் திறந்து மகளின் டின்னை என்னிடம் கொடுத்தார்கள். தீபாவளிக்குப் பிறகு நான் கொடுத்தனுப்பிய பலகாரம் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது. மலையின் ஈரக் காற்றில் முறுக்கு நமுத்து, அதிரசத்தில் பூசணம் பூத்திருந்தது. "ஏன் கண்ணு சாப்பிடலை?" என்றேன்.

"திறக்கறப்பப் பசிக்காதும்மா. பசிக்கறப்பத் திறக்க மாட்டாங்க" என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள். அந்தத் திருச்சிப் பெண்ணுக்கு வீட்டிலிருந்து டக் வருவதே கிடையாதாம். டக் திறக்கும் நேரம் பார்த்து அவள் லைப்ரரிக்குப் போய்விடுவாளாம். கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள மாட்டாளாம். அன்றைக்கு நூடுல்ஸ் பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்தது அவள்தான். முதல் தடவையாக அவள் மற்றவர்களுக்குக் கொடுக்கிற முறை! அதனால்தான் ஸ்பூனையும் அவளே எடுத்திருக்கிறாள். இதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு கனத்துப் போனது. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகாமல் விரல் நுனியில் ஒரு சின்னப் புண்ணோடு போயிற்றே என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

என் மகளைப் பள்ளியிலிருந்து அனுப்பவில்லை. 1990 ஜனவரியில் வேறொரு நல்ல காரியமும் நடந்தது. சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டி, பழைய பாத்திரங்களைப் போட்டு வைத்திருந்த சின்ன அறையை ஒழித்து, ஒரு காஸ் அடுப்பும் மேடையும் போட்டார்கள். ராத்திரி எட்டரையிலிருந்து ஒன்பது வரை ஆயா அங்கே இருப்பார். அடுப்பைப் பற்ற வைப்பதும் அணைப்பதும் அவர் மட்டும்தான். ஒருநாள் பால், ஒருநாள் கேழ்வரகுக் கஞ்சி, ஒருநாள் சுண்டல். சனிக்கிழமைகளில் பெரிய பிள்ளைகள், ஆயா பக்கத்தில் நிற்க, தாங்களே உப்புமாவோ நூடுல்ஸோ செய்துகொள்ளலாம்.

ஒரு தடவை நான் போயிருந்தபோது ஆயா சொன்னார்: "இங்க சுண்டல் லேசுல வேகாதுங்கம்மா. குக்கர்ல வெச்சாத்தான் ஆவும்." உண்மைதான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எத்தனை நேரம் கொதித்தாலும் அதற்கு மேல் சூடேறாது. பருப்பும் கடலையும் வேகாமல் அடம் பிடிக்கும்.

தாய்மார்களும் ஓர் ஏற்பாடு செய்தோம். அனுப்புகிற பலகாரத்தில் பாதி, அந்த அறையில் இருக்கும் பொது டின்னுக்கு. அதில் யார் வீட்டு முறுக்கு என்று பேர் எழுதியிருக்காது. திருச்சிப் பெண் லைப்ரரிக்குப் போவதை நிறுத்திவிட்டாள் என்று மகள் கடிதம் எழுதியபோது, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இத்தனையும் சொல்லி முடித்ததும் பேத்தி தன் அம்மாவின் பாதத்தைத் தடவிப் பார்த்தாள். ஆனால் இந்தக் காலத்துப் பெண்ணல்லவா? "அது வெறும் கம்பி, அம்முச்சி. கெட்டில்ல தண்ணி கொதிச்சா தானா ஆஃப் ஆயிடுமே!" என்றாள்.

நியாயமான பேச்சுதான். ஆனால் கெட்டில்களில் பல 1,500 வாட் இழுக்கும். அறையில் இருக்கும் 6 ஆம்பியர் பிளக் 1,400 வாட்டைக்கூட முழுசாகத் தாங்காது. அதிலேயே மல்டி பிளக் போட்டு இரண்டு போன் சார்ஜரும் செருகினால்? ஒயர் சூடேறி உருகும். போதாததற்குப் பக்கத்திலேயே மெத்தை, போர்வை, புத்தகம். இஸ்திரிப்பெட்டியைத் தலைகீழாக நிறுத்தி ரொட்டி வாட்டுகிற பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். பசி வந்தால் பிள்ளைகளின் மூளை அப்படித்தான் வேலை செய்யும்! அதனால் "செய்யாதே" என்று சொன்னால் மட்டும் போதாது. செய்யத் தேவையில்லாதபடி நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்த விடுதிக்கே போன் போட்டேன். நாலு கேள்வி கேட்டேன். இளம் தாய்மார்களே, பிள்ளையை விடுதியில் சேர்ப்பதற்கு முன் நீங்களும் கேளுங்கள்.

ஒன்று: ராத்திரிச் சாப்பாட்டுக்கும் காலை டிபனுக்கும் நடுவே எத்தனை மணி நேரம்? படிப்பு முடிந்து படுக்கும் முன் குடிக்க, கொறிக்க ஏதாவது உண்டா?

இரண்டு: பாலோ கஞ்சியோ சூடு பண்ண, பெரியவர் ஒருவர் நிற்கிற இடம் இருக்கிறதா? எத்தனை மணி வரை?

மூன்று: மின்கசிவு ஏற்பட்டால் கண நேரத்தில் கரண்டை வெட்டிவிடும் ஆர்.சி.சி.பி. கருவி விடுதியில் பொருத்தியிருக்கிறதா?

நான்கு: வீட்டிலிருந்து அனுப்புகிற பண்டத்தை எங்கே வைப்பார்கள்? எறும்பும் எலியும் வராமல் மூடி வைக்க முடியுமா? பிள்ளைக்குப் பசிக்கும் நேரத்தில் அது கைக்குக் கிடைக்குமா?

"மாடிக்கு ஒரு பேன்ட்ரி இருக்குதுங்க. இண்டக்‌ஷன் அடுப்பு இருக்குது. ராத்திரி பத்து மணி வரைக்கும் ஒரு அக்கா இருப்பாங்க" என்றார்கள். பேத்தியைப் பார்த்தேன். சிரித்துவிட்டாள். கெட்டில் பேச்சு அதோடு தீர்ந்தது.

இனி, டப்பாவில் என்ன வைப்பது? நான் அந்தக் காலத்தில் செய்த மாதிரி எண்ணெயும் சர்க்கரையுமாக அடைக்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வெளியிட்ட அளவுகளின்படி 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 32 மில்லிகிராம் இரும்புச் சத்து வேண்டும். ஆனால் 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100-க்கு 59 பேருக்கு ரத்தசோகை இருந்தது. 2020-ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளும், கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களைப் பள்ளி கேன்டீனிலும் விடுதிச் சமையலறையிலும், பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்கின்றன. அங்கே விற்கக் கூடாததை நாமே பெட்டியில் அடைத்து அனுப்பலாமா?

பேத்திக்கு நான் வைத்தது இவைதான். வறுத்த நிலக்கடலையும் பொட்டுக்கடலையும் கலந்து ஒரு டப்பா. கடலையில் 100 கிராமுக்கு 25 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. (அறைத்தோழிகளில் யாருக்காவது கடலை ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டுக்கொள்வது அவசியம்.) வெல்லப்பாகில் பிடித்த எள்ளுருண்டை, பேரீச்சம்பழம், உப்பிட்டு உலர்த்திய நெல்லிக்காய். நெல்லியில் இருக்கும் வைட்டமின் சி, தானியத்திலும் கடலையிலும் இருக்கும் இரும்பை உடம்பில் சேர்க்கும். சாப்பிட்ட கையோடு டீ, காப்பி குடித்தால் அது கெடும். அதையும் சொல்லி அனுப்பினேன். அடுப்பே இல்லாத நாளுக்குக் கெட்டி அவல். சூடான பாலை ஊற்றி ஐந்து நிமிஷம் மூடி வைத்தால் போதும். வறுத்து அரைத்த கேழ்வரகு மாவு ஒரு டப்பா. இதை மட்டும் வெந்நீரில் கலக்கிக் குடிக்காமல், பேன்ட்ரியில் ஐந்து நிமிஷமாவது கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும். முறுக்கும் வைத்தேன். பாட்டி கை முறுக்கு இல்லாமல் ஒரு பெட்டியா? ஆனால் பத்து நாளைக்குள் தீர்கிற அளவுதான். நூடுல்ஸ் இரண்டு பாக்கெட், சனிக்கிழமைக்கு!

கடைசியாக இரண்டு விஷயத்தைத் திரும்பச் சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டேன். சுட்டுக்கொண்டால் மையும் பற்பசையும் வெண்ணெயும் வேண்டாம், குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்ட வேண்டும். யாருக்காவது ஷாக் அடித்தால் ஆளைத் தொடக் கூடாது, முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். இரண்டிலும், வார்டன் திட்டுவாரே என்று ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது.

பேத்தியை விட்டுவிட்டு வந்த பத்தாம் நாள் போனில் பேசினாள். "அம்முச்சி, உங்க எள்ளுருண்டை மூணே நாள்ல காலி. எங்க ரூம்ல நாங்க நாலு பேருங்க. ஒருத்திக்கு வீட்டுல இருந்து ஒண்ணும் அனுப்பலை. அதனால எல்லாத்தையும் ஒரே டப்பாவுல கொட்டிட்டோம்."

இதை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பாதத்தைத் தடவிப் பார்த்தபோதே புரிந்துகொண்டிருக்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் பார்க்கப் போனபோது, நாலு பேருக்கும் சேர்த்தே எள்ளுருண்டை பிடித்துக் கொடுத்தனுப்பினேன்.